பெக்கோவின் ஹைட்ரோலிக் ஹோஸ் வெடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி தொடங்க முன்னம் வாய்க்கால் துப்புரவு, கிணறு வெட்டு, அத்திவாரக் கிடங்கு என்று யாழ்ப்பாணத்தில் பெக்கோக்களுக்கு, அதாவது முன்னால் லோடரும் பின்னால் தோண்டுகிற கையும் உள்ள மெசின்களுக்கு, ஓய்வே இருக்காது. அமுக்கத்தில் ஒயில் ஓடுகிற ஹைட்ரோலிக் ஹோஸ் வெடிப்பதும் அந்த நாட்களில்தான் கூட. வேலை நின்றுவிடும், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார், வாடகையோ மணித்தியாலக் கணக்கு. அந்த அவசரத்தில் எடுக்கிற முடிவுதான் பல தடவை ஆளையும் மெசினையும் சேதப்படுத்துகிறது. ஒப்பரேற்றர்மாரும் மெசின் சொந்தக்காரரும் கராஜில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வேலை நடந்துகொண்டிருக்க ஹோஸ் வெடிச்சிட்டுது. முதல் என்ன செய்ய வேணும்?

லீவரை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சின் ஓடும்வரை பம்ப் ஒயிலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பெக்கோ பம்ப் ஒன்று நிமிடத்துக்கு 100 லீற்றருக்கு மேல் தள்ளக்கூடியது. ஒயில் தாங்கி வெறுமையாகி பம்ப் காய்ந்து ஓடினால் ஹோஸ் செலவோடு நிற்காது, பம்பும் போய்விடும். சீறுகிற ஒயில் சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பூம் (பின்னால் இருக்கிற பெரிய கை) மேலே நிற்கிறதென்றால் ஒருவரையும் அதற்குக் கீழே விடாதீர்கள். பூமைத் தூக்குகிற சிலிண்டரின் ஹோஸ் போனால் பூம் திடீரென்று விழும். வெடித்தது வேறு ஹோஸ் என்றால், பூமை மெதுவாக நிலத்துக்கு இறக்கிவிட்டு நிறுத்தலாம். இறக்க முடியாமல் நின்றுவிட்டால் பெரிய மரக்குற்றிகளை அடுக்கித் தாங்கல் கொடுத்த பிறகே கிட்டப் போகலாம். ஜக் மட்டும் வைத்துத் தாங்கல் கொடுப்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஒயில் எங்கையிருந்து கசியுதெண்டு கையால தடவிப் பார்க்கலாமோ?

கூடாது. கையுறை போட்டிருந்தாலும் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறொன்றும் வாசிக்க நேரமில்லாவிட்டாலும் இந்தப் பதிலையும் அடுத்ததையும் வாசியுங்கள்.

பெக்கோவின் ஹைட்ரோலிக் அமுக்கம் மெசினைப் பொறுத்து 200 முதல் 250 பார் (அமுக்கத்தின் அலகு) வரை போகும். அது ஏறத்தாழ 3,000 பி.எஸ்.ஐ. முதல் 3,600 பி.எஸ்.ஐ. வரை. மனிதத் தோலைத் துளைக்க 7 பார், அதாவது 100 பி.எஸ்.ஐ. போதும், லொறி ரயருக்கு அடிக்கிற காற்றின் அளவுதான் அது. வெடித்த ஹோஸைவிட ஊசித்துளை விழுந்த ஹோஸ்தான் ஆபத்து கூடியது. வெடித்தது கண்ணுக்குத் தெரியும், ஆள் விலகி நிற்பார். ஊசித்துளையில் இருந்து வருகிற ஒயில் மெல்லிய பனிப்புகாராகத்தான் இருக்கும், வெயிலில் தெரியவே தெரியாது. ஹோஸ் ஈரமாக இருக்கிறதே என்று விரலால் தடவுகிறவருடைய விரலுக்குள் அது ஏறிவிடும்.

பார்க்கிற முறை இதுதான். எஞ்சினை நிறுத்தி, அமுக்கத்தை விட்டு, ஹோஸ்களைத் துடைத்துக் காயவிடுங்கள். அநேகமான கசிவு அப்போதே எது என்று தெரிந்துவிடும். அப்படியும் தெரியாவிட்டால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, நீளமான காட்போட் மட்டை ஒன்றின் ஒரு முனையைப் பிடித்து மறு முனையை ஹோஸின் ஓரமாக நகர்த்துங்கள். துளை இருக்கிற இடத்தில் மட்டையில் ஈரக்கோடு விழும்.

கையில பட்டிட்டுது. சின்னப் புள்ளி மாதிரித்தான் இருக்கு, நோவும் பெரிசா இல்லை. மருந்து கட்டினால் போதுமோ?

போதாது. உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இந்தக் காயம் ஆளை ஏமாற்றும். முதலில் முள் குத்தின புள்ளி போலத்தான் இருக்கும். உள்ளே ஒயில் விரல் நரம்பு வழியே உள்ளங்கைக்கும் அதற்கு மேலேயும் பரவி, சதையைச் சாகடித்துக்கொண்டிருக்கும். சில மணித்தியாலத்தில் வீங்கி நோவு தாங்க முடியாமல் வரும்போது காலம் கடந்திருக்கும். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து கழுவி எடுத்தால் விரலைக் காப்பாற்றுகிற வாய்ப்பு மிகக் கூட. பிந்தினால் விரலோ கையோ வெட்டவேண்டி வரலாம்.

வைத்தியரிடம் "ஒயில் பட்டுக் காயம்" என்று சொல்லாதீர்கள். "உயர் அமுக்கத்தில் ஹைட்ரோலிக் ஒயில் தோலுக்குள்ளே ஏறிவிட்டது" என்று சொல்லுங்கள். ஒயில் கானின் லேபலைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும் என்பதால் போகிற வழியில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். அமத்திப் பிதுக்குவதும் சுடுநீர் ஒத்தடமும் கூடாது.

எஞ்சினை நிப்பாட்டினால் அமுக்கம் போயிடும்தானே?

போகாது. பூமின் பாரம் சிலிண்டரை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த ஹோஸுக்குள் அமுக்கம் அப்படியே நிற்கும்.

பின் பக்கற் (தோண்டுகிற வாளி), முன் லோடர் பக்கற் இரண்டையும் நிலத்தில் இருத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு லீவரையும் இரண்டு பக்கமும் பல தரம் தள்ளி இழுங்கள். ஜொய்ஸ்ரிக் உள்ள புதிய மெசின்களில் சாவி ஒன் நிலையில் இருந்தால்தான் லீவர் அசைத்து அமுக்கம் விட முடியும். பிறகு தாங்கி மூடியை ஆறுதலாகத் திறந்து உள்ளே இருக்கிற காற்றை விடுங்கள்.

இரண்டு இடத்தில் இதற்குப் பிறகும் அமுக்கம் ஒளிந்திருக்கும். சில மெசின்களில், ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் பிடிக்கிற பாதுகாப்பு வால்வு சிலிண்டரோடு பூட்டியிருப்பார்கள். லீவரை அசைத்தாலும் அது சிலிண்டருக்குள் இருக்கிற ஒயிலை விடாது. மற்றது, றோட்டில் ஓடும்போது குலுக்கம் குறைக்க முன் லோடரோடு இணைத்திருக்கிற அக்குமுலேற்றர், அதாவது ஒயிலை அமுக்கத்தோடு சேமித்து வைக்கிற கலம். இந்த இரண்டும் உள்ள மெசினில் அந்தப் பகுதியைத் தொடமுதல் மெசினின் கைநூலில் உள்ள முறையைப் பாருங்கள்.

நட்டைக் கழற்றும்போது நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். தடித்த துணியால் மூடி, அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, ஒயில் வழிந்து ஓயும் வரை நில்லுங்கள். ஓய்ந்த பிறகு முழுதாகக் கழற்றலாம். வேலை செய்து நின்ற மெசினின் ஒயில் கையைச் சுடும், ஆறவிட்டுத் தொடங்குங்கள்.

கழட்டும்போது வேற என்ன கவனிக்க வேணும்?

சுத்தம். செம்மண் தோட்டத்திலோ மணற்காட்டிலோ நின்று கழற்றும்போது நட்டைச் சுற்றி ஒட்டியிருக்கிற மண் உள்ளே போனால் வால்வுக்கும் பம்புக்கும் அது அரம். கழற்ற முன்னம் பிரஷால் தட்டி, டீசலில் நனைத்த துணியால் துடையுங்கள். கழன்ற உடனே இரண்டு வாயையும் மூடியால் அடையுங்கள். மூடி இல்லாவிட்டால் சுத்தமான பொலித்தீன் சுற்றிக் கட்டுங்கள். துணியைத் திணிக்க வேண்டாம், நூல் உள்ளே போய்விடும்.

இரண்டு ஸ்பனர் பாவியுங்கள்: ஒன்று நட்டுக்கு, மற்றது அது பூட்டியிருக்கிற பிற்றிங்கை (இரும்பு இணைப்பை) பிடிக்க. ஒன்றால் மட்டும் திருகினால் அடியில் இருக்கிற பிற்றிங்கும் சேர்ந்து திரும்பும், அல்லது இரும்புக் குழாய் முறுகிவிடும். ஒன்றுக்கு மேல் கழற்றுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிற ரேப் ஒட்டுங்கள். கழற்ற முன்னம் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், எந்த ஹோஸ் எதற்கு மேலால் போனது என்று பிறகு சண்டை பிடிக்கத் தேவையில்லை.

கடையில என்ன ஹோஸ் கேட்கிறது? தடிப்பைப் பார்த்து வாங்கலாமோ?

வெளித்தடிப்பைப் பார்த்து வாங்கவே கூடாது. பழைய ஹோஸை இரண்டு முனையோடும் முழுதாக எடுத்துப் போங்கள். துண்டு வெட்டிக்கொண்டு போனால் நீளமும் முனையின் திரும்பலும் கடைக்காரருக்குத் தெரியாது.

ஹோஸின் மேல் நீளத்துக்கு ஒரு வரி அச்சடித்திருக்கும். அதில் மூன்று விசயம் பாருங்கள். ஒன்று வகை: எஸ்.ஏ.இ. 100 ஆர்1 அல்லது 1எஸ்.என். என்றால் உள்ளே ஒரு அடுக்குக் கம்பிப் பின்னல். ஆர்2 அல்லது 2எஸ்.என். என்றால் இரண்டு அடுக்கு. 4எஸ்.பி., 4எஸ்.எச். என்றால் பின்னாமல் சுற்றிய நாலு அடுக்கு. இரண்டாவது உள்விட்டம். மூன்றாவது செய்த காலம்: 3கியூ24 என்று இருந்தால் 2024 ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. வருடக்கணக்காக வெயில் படுகிற சுவரில் தொங்கின ஹோஸைப் புதிது என்று விற்றால் வாங்காதீர்கள், றப்பர் வெயிலில் செத்துவிடும்.

எழுத்து அழிந்திருந்தால் வெடித்த இடத்துக்குக் கிட்ட வெட்டிப் பாருங்கள், கம்பி அடுக்கு எத்தனை என்று எண்ணலாம்.

ஒரே வகையிலும் விட்டம் கூடக்கூடத் தாங்கும் அமுக்கம் குறையும். இது பலருக்குத் தெரியாது. 2எஸ்.என். ஹோஸ் அரை அங்குலத்தில் 275 பார் தாங்கும், முக்கால் அங்குலத்தில் 215 பார், ஒரு அங்குலத்தில் 165 பார்தான். அரை அங்குலத்துக்குச் சரியாக இருந்த வகையை, 230 பாரில் ஓடுகிற மெசினின் முக்கால் அங்குல ஹோஸுக்கும் கேட்டு வாங்கினால் அது தாங்க வேண்டிய அளவுக்குக் கீழானது. நான்கு மடங்கு அமுக்கத்தில்தான் வெடிக்கும் என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான், அந்த நான்கு மடங்கு ஒவ்வொரு அடியிலும் வருகிற அமுக்கத் துடிப்பைத் தாங்க விட்ட இடம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்பிடியெண்டால் எல்லாத்துக்கும் நாலு கம்பி ஹோஸ் போட்டால் பயமில்லைத்தானே?

எல்லா இடத்துக்கும் சரிவராது. நாலு அடுக்கு ஹோஸ் விறைப்பு. அரை அங்குல 2எஸ்.என். ஹோஸை 180 மில்லிமீற்றர் ஆரைக்கு வளைக்கலாம். 4எஸ்.பி.க்கு 230 மில்லிமீற்றர் வேண்டும். பூம் இடமும் வலமும் திரும்புகிற பின் அச்சடியில் ஹோஸ்கள் நாள் முழுக்க மடங்கி நிமிரும். அங்கே விறைத்த ஹோஸைப் போட்டால் பிற்றிங்கோடு சேர்கிற இடத்தில் உடையும். அங்கே 2எஸ்.சி. வகை நல்லது, அதே 275 பார் தாங்கி 130 மில்லிமீற்றர் ஆரைக்கு வளையும். கம்பனி போட்ட வகையை அறிந்து அதையே போடுவதுதான் என் முறை.

உள்விட்டத்தைக் குறைக்கவும் வேண்டாம். ஒயில் நெருக்கப்பட்டுச் சூடேறும், வேலையும் மெதுவாகும்.

பிற்றிங் பார்க்க ஒரே மாதிரி இருக்கு, மரையும் ஏறுது, ஆனால் கசியுது. ஏன்?

மரை ஏறினால் பொருத்தம் என்று அர்த்தமில்லை. அடைப்பு வருவது மரையில் இல்லை, உள்ளே இருக்கிற கூம்பிலோ ஓ றிங் என்கிற றப்பர் வளையத்திலோதான். பி.எஸ்.பி. வகையில் கூம்பு 60 பாகை, ஜே.ஐ.சி. வகையில் 37 பாகை. யப்பான் மெசின்கள் சிலவற்றில் பி.எஸ்.பி. போன்ற அதே மரையில் 30 பாகைக் கூம்பு வரும். அதில் பி.எஸ்.பி.யைப் பூட்டினால் நன்றாக ஏறும், இறுகும், பாரம் வந்ததும் கசியும். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் கூம்பு நசுங்கி இரண்டு பக்கமும் வீண். ஓ.ஆர்.எப்.எஸ். வகையில் முகம் தட்டையாக இருக்கும், அதில் ஒரு ஓ றிங் இருக்கும். ஹோஸ் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஓ றிங் புதிதாக வேண்டும். கொஞ்சம் ஹைட்ரோலிக் ஒயில் தடவிப் பள்ளத்தில் இருத்துங்கள்.

மரையில் வெள்ளை ரேப் சுற்றலாமா என்றும் கேட்பார்கள். இந்த வகைகள் ஒன்றுக்கும் வேண்டாம். கசிவை அது நிறுத்தாது, பிய்ந்த துண்டு வால்வுக்குள் போய் அடைக்கும்.

ஹோஸ் அடிக்கிற கடையில நிண்டு எதைப் பார்க்கிறது?

வெட்டின பிறகு உள்ளே ஊதிச் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். வெட்டும்போது கம்பித் தூளும் றப்பர் தூளும் உள்ளே நிற்கும். கடையில் இதைச் செய்யாமல் விட்டால் நீங்களே கேட்டுச் செய்வியுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிற்றிங் அடி முட்ட உள்ளே போயிருக்கிறதா, பிற்றிங்கை ஹோஸோடு பிடிக்கிற இரும்பு உறையை அமத்தின பிறகு அதன் விட்டத்தைக் கலிப்பரால் அளக்கிறார்களா என்பதும் முக்கியம். அந்த அளவு ஹோஸுக்கும் பிற்றிங்குக்கும் கம்பனி கொடுத்திருக்கிற அட்டவணையில் இருக்கும். கண்ணளவில் அமத்தினது பாரத்தில் கழன்று பறக்கும்.

ஒரு முனையோ இரண்டுமோ வளைந்ததென்றால், ஒன்றுக்கு மற்றது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பழைய ஹோஸோடு ஒத்துப் பார்த்த பிறகே அமத்த விடுங்கள்.

பூட்டும்போது?

ஹோஸின் மேல் இருக்கிற எழுத்து வரி நேராக ஓட வேண்டும். அது சுற்றிச் சுற்றிப் போனால் ஹோஸ் முறுகியிருக்கிறது, அமுக்கம் வந்ததும் அது நிமிரப் பார்த்து நட்டைத் தளர்த்தும், ஆயுளும் குறையும். இரண்டு முனையையும் முதலில் கையால் முழுதாக ஏற்றுங்கள், பூம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹோஸ் இழுபடாமல் இருக்க இடமிருக்கிறதா பாருங்கள், பிறகு இரண்டு ஸ்பனரால் இறுக்குங்கள். அமுக்கத்தில் ஹோஸ் 4 வீதம் வரை சுருங்கலாம், 2 வீதம் நீளலாம். இழுத்த கம்பிபோல நேராகப் பூட்டாதீர்கள், கொஞ்சம் தொய்வு வேண்டும்.

கழற்றின கிளாம்புகளையும் உரசல் தடுக்கிற உறையையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். அவசரத்தில் விடுபடுவது இவைதான்.

பிறகு ஒயில் எவ்வளவு விடுறது, காத்து எப்பிடி எடுக்கிறது?

மெசினின் கைநூல் சொல்கிற தரத்து ஒயிலையே விடுங்கள். நம் சூட்டுக்கு அநேகமாக 46 அல்லது 68 தடிப்பு வரும், கலக்க வேண்டாம். திறந்து வைத்த கானில் இருந்தும் அழுக்குப் புனலாலும் விடாதீர்கள்.

எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் வைத்து, பக்கற்றைப் பாரமில்லாமல், மாற்றின பகுதியை முழு நீளத்துக்கும் ஆறுதலாக நீட்டி மடக்குங்கள். முதலில் துடிக்கும், சத்தம் போடும். காற்று தாங்கிக்குத் திரும்பியதும் சீராகும். அளவுக் கண்ணாடியில் ஒயில் பால் மாதிரி வெளுத்து நுரைத்துத் தெரிந்தால் இன்னும் காற்று இருக்கிறது. அது தெளிந்த பிறகு, கைநூல் சொல்கிறபடி பூமை வைத்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். கசிவு பார்ப்பது மட்டையால்தான். இறுக்க வேண்டி வந்தால் எஞ்சினை நிறுத்தி அமுக்கம் விட்டபின் இறுக்குங்கள்.

வெடிச்ச இடத்தை வெட்டி நடுவில சேர்த்து ஓட்டலாமோ? இண்டைக்கு மட்டும்.

தாங்கிக்குத் திரும்புகிற குறைந்த அமுக்க ஹோஸ் என்றால், முறையாக அமத்தின இணைப்போடு நாளை வரை ஓட்டலாம். பூம், டிப்பர் (பூமுக்கும் பக்கற்றுக்கும் இடையில் இருக்கிற கை), பக்கற் ஹோஸ்களுக்கு என் பதில் இல்லை என்பதுதான். கிளிப் போட்டு இறுக்குவதும் றப்பர் சுற்றுவதும் 200 பாருக்கு முன்னால் ஒன்றுமில்லை. கிடங்குக்குள் கல் அள்ளிக்கொண்டு ஆள் நிற்கிற வேலையில் அப்படி ஓட்டச் சொல்கிற சொந்தக்காரருக்கு, மாட்டேன் என்று சொல்ல ஒப்பரேற்றருக்கு முழு உரிமை இருக்கிறது.

ஒயில் ஒழுகேல்லை, ஆனால் பம்ப் கத்துது, தாங்கிக்குள்ள நுரை. இதுவும் ஹோஸோ?

தாங்கியில் இருந்து பம்புக்குப் போகிற உறிஞ்சு ஹோஸைப் பாருங்கள். அது வெடிப்புற்றால் ஒயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இதற்கு அமுக்க ஹோஸ் சரிவராது. உறிஞ்சலில் சப்பாமல் இருக்க உள்ளே சுருள் கம்பி வைத்த தனி வகை, ஆர்4, வேண்டும்.

அதே ஹோஸ் திரும்பத் திரும்பப் போகுது. ஹோஸ் கூடாததோ?

சில வேளை. ஆனால் ஒரே இடத்தில் போகிறதென்றால் முதலில் அந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளி றப்பர் தேய்ந்து கம்பி மினுங்கினால் அது எங்கோ உரசுகிறது. பிற்றிங் அடியில் வெடித்தால் நீளம் போதாது, அல்லது வளைவு கூட. றப்பர் விறைத்து வெடித்திருந்தால் சூடு: ஒயில் கூலரில் செம்மண் அடைந்திருக்கிறதா பாருங்கள். வலிகாமத்துத் தோட்ட மண் கூலர் இடுக்கில் புகுந்து, ஒயில் பட்ட இடத்தில் கட்டியாகிவிடும்.

நம் நிலத்துக்கென்று சில காரணங்கள் உண்டு. சுண்ணாம்புக்கல் உடைந்த விளிம்பு கத்தி போல இருக்கும். கிணற்றுக் கிடங்கில் பக்கற் சிலிண்டர் ஹோஸைக் கீறுவது அதுதான். வேலிகளில் புதைந்த முட்கம்பியும் ஹோஸில் சிக்கிக் கிழிக்கும். கல் உடைக்கிற பிறேக்கர் பூட்டின மெசினில் போகும் ஹோஸும் திரும்பும் ஹோஸும் இரண்டுமே இடைவிடாமல் துடிக்கும், அவற்றைக் கிழமைக்கு ஒருக்கா பாருங்கள். காரைநகர், ஊர்காவற்றுறை, ஆனையிறவுப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கிற மெசின்களில் இரும்பு உறை துருப்பிடித்து, அதன் அடியால் கம்பிக்கும் ஏறும். வேலை முடிய நல்ல தண்ணீரால் கழுவி, உறைகளில் கிறீஸ் தடவிவிட்டால் நிறைய நாள் நிற்கும்.

நெடுந்தீவில வேலை. அங்க ஹோஸ் போனால்?

குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து நகரத்துக்குப் போய் அடித்துக்கொண்டு திரும்புவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும். கடல் குழம்பினால் படகும் இல்லை. தீவுக்கு மெசின் ஏற்ற முன்னம் பின் அச்சடி ஹோஸ்களில் பழையவற்றை மாற்றிவிட்டே ஏற்றுங்கள். பூம், டிப்பர், பக்கற் ஹோஸ் ஒவ்வொன்று, அவற்றின் ஓ றிங்குகள், மூடிகள், திறக்காத ஒயில் கான் ஒன்று கூடப் போகட்டும். அடித்த ஹோஸ்களின் இரண்டு வாயையும் அடைத்து, இருட்டான பெட்டியில் வளையமாக வையுங்கள்.

நிலத்தில கொட்டின ஒயிலை என்ன செய்யிறது? மண் உறிஞ்சிடும்தானே?

உறிஞ்சி எங்கே போகும்? நம் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற நிலத்தடி நீர்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய, மேலே கொட்டினது வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்ட பாடும், 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை அது போனதும் எல்லாருக்கும் தெரியும். பெக்கோ வெடித்துக் கொட்டுகிற ஒயில் அந்தளவு இல்லைத்தான், ஆனால் நீங்கள் நிற்பது பெரும்பாலும் ஒரு கிணற்றடியிலோ கிணறு வெட்டுகிற கிடங்கிலோ.

மெசினில் எப்போதும் ஒரு சாக்கு மரத்தூள், ஒரு வாளி, வெறும் கான் ஒன்று இருக்கட்டும். ஹோஸ் கழற்ற முன்னம் வாளியைக் கீழே வையுங்கள். கொட்டின இடத்தில் மரத்தூளைத் தூவி, ஊற விட்டு, ஒயில் இறங்கின மண்ணையும் சேர்த்துச் சவளால் வழித்துச் சாக்கில் கட்டுங்கள். மழை வரப்போகிறதென்றால் ஹோஸை விட்டுவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். வாளியில் சேர்ந்த ஒயிலைத் திரும்பத் தாங்கிக்குள் ஊற்றக் கூடாது. கானில் அடைத்துக் கழிவு ஒயில் எடுக்கிறவர்களிடம் கொடுங்கள். வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூசக் கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டாம், அதுவும் அடுத்த மாரிக்கு அதே மண்ணுக்குள்தான் கழுவுப்படும்.